கரோட்டிட் கேஸுக்கு எந்த கேஸ் (மயக்க வாயு)?

கழுத்துத் தமனியில் (கரோட்டிட்) அடைப்பு எடுக்கும் நாளில் மயக்கவியல் பிஜி மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "சார், செவோவா, டெஸ்ஸா? எதில் பிபி ஆடாது?"

பிபி ஆடாத ஏஜென்ட் (மயக்க வாயு) கிடையாது. ஐசோஃப்ளுரேன் (ஐசோ), செவோஃப்ளுரேன் (செவோ), டெஸ்ஃப்ளுரேன் (டெஸ்) மூன்றுமே ரத்தக் குழாயைத் தளர்த்தி பிபியை இறக்கும். ஒப்பிடும்போது மயக்க மெஷினின் டயல் எண்ணைப் பார்க்காதீர்கள். நாற்பது வயதுக்காரருக்கு ஐசோ 1.2, செவோ 2, டெஸ் 6 சதவீதம் ஏறக்குறைய ஒரே மயக்க ஆழம். எழுபது வயதில் இதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

முந்தின நாளே வார்டுக்குப் போய் இரண்டு கையிலும் பிபி பாருங்கள். தியேட்டர் மேஜையில் பயத்தோடு படுத்திருப்பவரின் ரீடிங் கணக்கில் சேராது. தூங்க வைப்பதற்கு முன்பே ஆர்ட்டீரியல் லைன் (பிபியைத் தொடர்ந்து காட்ட தமனிக்குள் வைக்கும் குழாய்) போட்டுவிடுங்கள்.

டெஸ்ஸிடம் நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். தோலில் கத்தி வைத்ததும் பிபி 160. ஆழம் போதவில்லை என்று டயலை 4லிருந்து 9க்கு ஒரே திருகாகத் திருகினேன். நிமிடத்துக்குள் 210, நாடி 120! ஆறு சதவீதத்தைத் தாண்டி டெஸ்ஸைச் சட்டென ஏற்றினால் அது பிபியையும் நாடியையும் ஏற்றும் சிம்பதெடிக் நரம்பைக் கிளப்பிவிடும். இன்னும் ஏற்றியிருந்தால் கதை கந்தல். டயலைக் குறைத்து ஃபென்டனில் (வலி மருந்து) கொடுத்த பிறகுதான் அடங்கியது. டெஸ் வைத்தால் ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுங்கள்.

செவோவுக்கு இந்த முரண்டு இல்லை. என் கை அதற்குத்தான் போகும். ஐசோவில் எழ நேரமாகும். முடிந்த கையோடு "நாக்கை நீட்டுங்க, கையைத் தூக்குங்க" என்று சொல்லி மூளையும் நரம்பும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டிய ஆபரேஷன் இது, அதனால் எனக்கு ஒத்துவராது.

தமனியில் ரத்தத்தை நிறுத்தும் கிளாம்ப் போட்டிருக்கும்வரை அந்தப் பக்கத்து மூளைக்கு மறுபக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் ரத்தம்தான் கதி. வழக்கமான பிபி, அல்லது அதற்கு மேல் 20 சதவீதம் வரை வைத்திருங்கள். இறங்கினால் முதலில் மயக்க வாயுவைக் குறையுங்கள், அப்புறம் பிபியை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் 50 மைக்ரோகிராம். நாடி திடீரென 40க்கு விழுந்தால் ஏஜென்ட்டைத் திட்டாதீர்கள்; சர்ஜன் கரோட்டிட் சைனஸை (தமனி பிரியும் இடத்தில் பிபியை உணரும் பகுதி) இழுத்திருப்பார். கையை எடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் தானே ஏறும். ஏறாவிட்டால் நாடியை ஏற்றும் அட்ரோபின்.

கிளாம்ப் எடுத்ததும் கணக்கு தலைகீழ். அடைப்பு நீங்கி ரத்தம் நேராக மூளைக்குப் பாய்வதால் இப்போது பிபி ஏறக் கூடாது. மூச்சு டியூப் எடுக்கும்போது இருமாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிபியை இறக்கும் லேபெட்டலால் சிரிஞ்சில் தயாராக இருக்கட்டும்.