நியூ ஜெர்சியில் அப்பீல் போகுமுன்

வீட்டைக் காலி செய்தாயிற்று, ஓனர் அட்வான்ஸைத் தரவில்லை, ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் கோர்ட்) வழக்குப் போட்டும் சரியாக வரவில்லை. அடுத்து மேல்கோர்ட்தான் என்று கிளம்புகிறவர்கள் ஊர் அப்பீலை மனத்தில் வைத்துக்கொண்டு போகவேண்டாம். இந்தியாவில் சிவில் வழக்கின் முதல் அப்பீலில் சாட்சியங்களையும் மறுபடி அலசுவார்கள். இரண்டாவது அப்பீல் ஹைகோர்ட்டுக்குப் போகும்போதுதான் சட்டக் கேள்வி இருக்கிறதா என்று கறாராகக் கேட்பார்கள். இங்கே முதல் அப்பீலிலேயே பாதிக் கறார் வந்துவிடும்.

அப்பீலைக் கேட்பது சுப்பீரியர் கோர்ட்டின் அப்பெல்லேட் டிவிஷன். இரண்டு அல்லது மூன்று ஜட்ஜுகள் உட்காருவார்கள். சாட்சிக் கூண்டு கிடையாது. கீழே காட்ட மறந்த ரசீதும் போட்டோவும் பொதுவாக எடுபடாது. விசாரணையில் பதிவானதுதான் அவர்கள் முன் இருக்கும்.

சுவரில் கிறுக்கியது உங்கள் பிள்ளை என்று ஓனர் சொல்கிறார். குடிவரும்போதே இருந்தது என்கிறீர்கள் நீங்கள். ஜட்ஜ் ஓனரை நம்பிவிட்டார். இது நடந்தது என்ன என்ற கேள்வி. போதுமான, நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தால் அந்த முடிவில் கை வைப்பதில்லை என்பது 1974-இல் வந்த ரோவா ஃபார்ம்ஸ் தீர்ப்பிலிருந்து இன்றுவரை நடைமுறை. சாட்சியை நேரில் பார்த்தவர் கீழ்க்கோர்ட் ஜட்ஜ்தானே.

இப்போது கதையை மாற்றுங்கள். ஓனர் காரணமில்லாமல் பணத்தைப் பிடித்து வைத்தார் என்று ஜட்ஜே ஒப்புக்கொள்கிறார், ஆனால் "பிடித்ததை மட்டும் திருப்பிக் கொடு, போதும்" என்கிறார். குத்தகை முடிந்து 30 நாளில் கணக்கோடு திருப்பித் தராத பணத்துக்கு இரு மடங்கு தரவேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். இது சட்டக் கேள்வி. இங்கே கீழ்க்கோர்ட்டின் கருத்துக்குத் தனி மதிப்பு கிடையாது என்று 1995-இல் மனாலப்பன் ரியால்ட்டி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தை மேல்கோர்ட் முதலிலிருந்து தானே படிக்கும். வக்கீல்கள் 'டி நோவோ' என்பது இதைத்தான். வாய்தா கொடுக்காதது போன்ற விஷயங்கள் ஜட்ஜின் விருப்புரிமை; அதில் ஜெயிப்பது கஷ்டம்.

ஆகவே "ஜட்ஜ் என்னை நம்பவில்லை" என்பதுதான் உங்கள் குறையென்றால் அப்பீல் செலவை யோசியுங்கள். மனுக் கட்டணம் போக விசாரணைப் பதிவை எழுத்தாக்கவும் நீங்கள்தான் பணம் கட்டவேண்டும். சிறு தொகைக்கு இது கட்டுப்படியாகாது.

இன்னொன்று, சட்ட வாதத்தைக் கீழ்க்கோர்ட்டிலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே எழுப்பாததை மேலே பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் தடுமாறுவீர்கள் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். கோர்ட்டே இலவசமாகத் தரும்.

தீர்ப்பிலிருந்து 45 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் போய்விட வேண்டும். டிராஃபிக் டிக்கெட்டுக்கு இந்தக் கணக்கு வேறு: முனிசிபல் கோர்ட் தண்டனையை எதிர்த்து 20 நாளுக்குள், அப்பெல்லேட் டிவிஷனுக்கு அல்ல, சுப்பீரியர் கோர்ட்டின் லா டிவிஷனுக்குப் போகவேண்டும்.