ஹெட் பூட்டியபின் தண்ணீர் சொட்டினால்

பழைய மொரிஸ் மைனர் காருக்கு ஹெட் காஸ்கற் (என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றி, கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரை ஏ-9 வீதியில் ஓட்டிப் பார்த்துத் திரும்பியதும் முன்பக்கத்தின் கீழே ஈரம் தெரிந்தால், உடனே ஹெட்டை மறுபடியும் கழற்ற வேண்டியதில்லை. இரவில் உலர்ந்த கார்ட்போட் மட்டை ஒன்றை அடியில் விரித்து வைத்து, காலையில் ஈரம் விழுந்த இடத்துக்கு மேலே தேடுங்கள்.

நான் முதலில் பார்ப்பது, என்ஜின் தண்ணீரின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்ரற்றின் மேல்மூடியைத்தான். மூன்று நட்டுகளால் இறுக்கப்படும் அந்த அலுமினிய மூடி காலப்போக்கில் வளைந்துவிடுவதால், புதிய காஸ்கற் போட்டாலும் ஓரத்தில் வெள்ளைப் பூப்பாகக் கசிவு காய்ந்திருக்கும். கழற்றிக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால், அதே கண்ணாடியில் எமரித்தாள் விரித்து, மட்டமாகும் வரை தேய்த்தபின், நட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

தண்ணீர்ப் பம்பின் அடித்துளையிலிருந்து சொட்டினால் பம்பின் சீல் போய்விட்டது, இறுக்கிப் பயனில்லை.

ரேடியேற்றர் மூடியையும் கவனியுங்கள். 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடி இருக்க வேண்டிய இடத்தில் இக்காலக் கார்களின் 13 பிஎஸ்ஐ மூடியைப் பூட்டினால், அழுத்தம் கூடி ரேடியேற்றரின் பழைய ஈயப்பற்று விட்டுவிடும். என்ஜின் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது.

மஞ்சள் தூள் போட்டு ஓட்டையை அடைப்பது வீடு வந்து சேர மட்டுமே உதவும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் நம் கிணற்றுத் தண்ணீரைத் தவிர்த்து, காய்ச்சி வடித்த நீரில் கூலன்ற் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்து நிரப்புங்கள்.