பைரீத்ரம் பூவைக் கெடுக்கும் வழிகள்

ஏற்காட்டில் புதிதாகப் பைரீத்ரம் (பூச்சிமருந்துக்காக வளர்க்கும், சாமந்தி மாதிரியான பூச்செடி) போட்டிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணா, மொதப் பறிப்பு முடிஞ்சுது, வந்து பாருங்க." போனேன். திண்ணையில் நாலு சாக்கு, வாயை இறுக்கிக் கட்டிச் சுவரோரம் சாய்த்திருந்தார். முந்தைய நாள் பறித்ததாம். அவிழ்த்துப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருஷம் முன்னால் என் வீட்டுத் திண்ணையிலும் இதே கோலம்தான்.

களை, உரம், தண்ணீர் பற்றி யாரும் சொல்லித் தருவார்கள். பூ கைக்கு வந்த பிறகு நடக்கும் கூத்தைத்தான் யாரும் சொல்வதில்லை.

பறித்த பூவை ராத்திரி சாக்கில் விடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பச்சைப் பூவில் நாலில் மூன்று பங்குக்கு மேல் ஈரம். பறித்த பிறகும் அது மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கும். நெருக்கி அடைத்தால் உள்ளே சூடேறும்; ஈர வைக்கோலைப் போராகப் போட்டால் நடுவில் கொதிக்குமே, அப்படி. விடிந்ததும் நடுச் சாக்கில் கையை விட்டால் வெதுவெதுப்பு, புளித்த வாடை, இதழெல்லாம் பழுப்பு. பூ அவிந்துவிட்டது. பூச்சியைக் கொல்லும் பைரீத்ரினும் அந்தச் சூட்டில் குறைந்துவிடும். நல்ல காய்ந்த பூவிலேயே அது 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம்தான். அப்புறம் எவ்வளவு பக்குவமாகக் காயவைத்தாலும் போனது போனதுதான்.

என் முதல் பெரிய பறிப்பு 60 கிலோ. முடியும்போது இருட்டிவிட்டது, மூடுபனி வேறு இறங்கிவிட்டது. காலையில் பரப்பிக்கொள்ளலாம் என்று சாக்கைக் கட்டினேன். பறிக்க வந்த அம்மா ஒருவர், "கொட்டிப் பரப்பிடு சாமி, வெந்துரும்" என்றார். காப்பிப் பழம் சாக்கில் கிடந்தால் என்ன ஆகும் என்று பார்த்துப் பழகிய கை அது. நான் கேட்கவில்லை. காய்ந்து வந்தது 14 கிலோ, எடையில் குறையே இல்லை. வாங்க வந்தவர் ஒரு பிடி அள்ளினார், முகர்ந்தார், அப்படியே திருப்பிக் கொட்டினார். பறிகூலியும் ஜீப் வாடகையும் என் கைக்காசு.

மூங்கில் கூடையில் பறியுங்கள், அமுக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொண்டுபோய்ப் பரப்பிவிடுங்கள். பரப்ப இடமில்லாத நாளில் பறிக்கவே வேண்டாம். பூ செடியில் இன்னும் இரண்டு நாள் இருந்தால் ஒன்றும் ஆகாது. பனி ஈரம் உலராமலும் செடியில் கை வைக்காதீர்கள்.

தம்பியின் நாலு சாக்கில் ஒன்று தேறியது. அதுவும் பாதிச் சாக்காக, தளர்வாகக் கட்டியது.

காப்பிக் களத்தில் காயவைப்பது

சிமெண்டுக் களம் சும்மா கிடக்கிறதே என்று கொட்டிவிடுகிறார்கள். பைரீத்ரினுக்கு வெயில் ஆகாது, புற ஊதாக் கதிர் பட்டால் சிதைந்துவிடும். தெளித்த மருந்து கீரையில் நாள்கணக்கில் தங்காததற்கும், சாயங்காலமாகப் பார்த்துத் தெளிக்கச் சொல்வதற்கும் அதுதான் காரணம். காயவைக்கும்போது அதே குணம் நம்மைக் கவிழ்த்துவிடும். நிழலில், கொசுவலை அடித்த சட்டத்தில், பூவின் மேல் பூ ஏறாமல் பரப்புங்கள். மழைக்காலத்தில் சூடான காற்று விடுவதென்றால் 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம். நடுவில் இருக்கும் மஞ்சளை நசுக்கினால் பொலபொலவென்று உதிர வேண்டும். ஈரம் 10 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

மொட்டிலேயே பறிப்பது

வெள்ளை இதழில் சரக்கு அதிகம் இல்லை. மஞ்சள் வட்டத்துக்கு அடியில், விதையாகப் போகும் சூலில்தான் இருக்கிறது. அந்த வட்டத்தில் ஓரத்திலிருந்து மூன்று நாலு வரிசை விரியட்டும், அதுதான் பதம்.

காம்போடு பறிப்பது

எடை ஏறும். அவ்வளவுதான்.

சேலத்தில் நடுவது

செடி தளதளவென்று வரும். பூக்காது. அதற்குக் குளிர் வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடே அதற்கு விளிம்புதான்.

செண்டுமல்லியைக் கலப்பது

அதில் பைரீத்ரின் கிடையாது. தயவுசெய்து வேண்டாம்.

தெளிப்பானை ஓடையில் கழுவுவது

மீன் செத்து மிதக்கும். காப்பி பூத்திருக்கும் நாளில் பக்கத்தில் தெளித்தால் தேனீயும் சாகும்.

மொத்தமாக அரைத்து வைப்பது

பொடியானால் காற்றும் வெளிச்சமும் சீக்கிரம் தின்றுவிடும். முழுப் பூவாகவே காற்றுப் புகாத டப்பாவில், இருட்டான இடத்தில் வையுங்கள். வேண்டும்போது மூக்கைக் கட்டிக்கொண்டு அரையுங்கள், தும்மல் நிற்காது, சிலருக்குத் தோல் தடிக்கும். நான் ஒரு வருஷம் மொத்தத்தையும் மிக்சியில் அடித்து, அழகாக இருக்கிறதே என்று கண்ணாடிப் பாட்டிலில் சன்னலோரம் அடுக்கினேன். மழைக்காலத்தில் எடுத்து அரிசி மூட்டையைச் சுற்றித் தூவினால், எறும்பு அதன் மேலேயே வரிசை கட்டிப் போனது.