மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு: மட்டை தட்டுவதிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை

ஒழுங்கையிலும் கோயில் வீதியிலும் ரெனிஸ் பந்தை வெளுத்து வாங்கும் பெடியள், பாடசாலை அணியிலோ கழகத்திலோ சேர்ந்து கடினப்பந்தைச் சந்திக்கும் முதல் மாதம் தடுமாறுவது வழக்கம். ரெனிஸ் பந்து ஏறத்தாழ 57 கிராம். கடினப்பந்து 156 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு பாரம். மட்டை, கை, கால், சாப்பாடு நாலும் அந்தப் பாரத்துக்கு ஏற்றபடி மாறவேண்டும். ஆறு கிழமை ஒதுக்கினால் மாற்றிவிடலாம். பங்குனியில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தில் அந்தக் கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் வடக்கின் போர் போன்ற மூன்று நாள் ஆட்டத்தில் ஆட நினைப்பவர்கள் தை பிறந்தவுடன் தொடங்கிவிடுங்கள்.

விதிகள், நிற்கும் முறை, அடி வகைகள் எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. காசை முதலில் எங்கே போடுவது

பலரும் மட்டையில்தான் போடுகிறார்கள். அது பிழையான வரிசை. முதலில் இடுப்புக் கார்ட் (கவட்டைக் காக்கும் கவசம்), அடுத்தது ஹெல்மெற், பிறகு கையுறை, பாட் (காலில் கட்டும் காப்பு), கடைசியில்தான் மட்டை.

கார்ட் உங்கள் சொந்தமாக இருக்கட்டும். அணியின் பொதுப் பையில் கிடப்பதை எடுத்துப் போடாதீர்கள்.

ஹெல்மெற் வாங்கும்போது ஒரு பழைய பந்தைக் கடைக்குக் கொண்டுபோங்கள். நெற்றித் தகட்டுக்கும் முகக் கம்பிக்கும் இடையில் அந்தப் பந்தை வைத்துக் கையால் அழுத்துங்கள். பந்து நுழைந்தால் அந்த ஹெல்மெற் வேண்டாம். உள்ளே பிஎஸ் 7928:2013 என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். தலையை வேகமாக ஆட்டும்போது ஹெல்மெற் தனியாக ஆடக்கூடாது. பலமான அடி ஒன்று பட்ட ஹெல்மெற்றை, வெளியில் கீறல் தெரியாவிட்டாலும், மாற்றியே ஆகவேண்டும். உள்ளே இருக்கும் மெத்தை ஒருமுறை நசுங்கினால் இரண்டாவது அடியைத் தாங்காது.

பாட்டில் முழங்காலுக்கென்று இருக்கும் தடித்த பகுதி சரியாக முழங்கால் சில்லின் மேல் வரவேண்டும். பெரிய அண்ணன்மாரின் பாட்டைக் கட்டினால் அது தொடைக்கு ஏறிவிடும், ஓடவும் முடியாது. கையுறையை ஆட்டம் முடிந்ததும் பைக்குள் திணிக்காமல் நிழலில் காற்றுப்பட வையுங்கள். வெயிலில் போட்டால் உள்ளங்கைத் தோல் வெடிக்கும்.

2. மட்டை தெரிவு

மென்பந்து மட்டையால் கடினப்பந்தை அடிக்கவேண்டாம். அந்த மட்டையின் பின்பக்கம் பாரம் குறைப்பதற்காகச் செதுக்கப்பட்டிருக்கும். நாலைந்து பந்திலேயே பிளந்துவிடும்.

உயரம் 5 அடி 7 அங்குலத்துக்கு மேல் என்றால் பெரியவர்களின் சோர்ட் ஹாண்டில் அளவு. அதற்குக் கீழே என்றால் ஹரோ அல்லது 6ஆம் இலக்கம். பாரம் 2 இறாத்தல் 7 அவுன்சிலிருந்து 2 இறாத்தல் 9 அவுன்ஸ் வரை போதும். மேற்கையால் (பிடியின் மேற்பக்கத்தைப் பிடிக்கும் கையால்) மட்டும் பிடித்து, மட்டையை நேராக முன்னே நீட்டி, பத்து வரை எண்ணுங்கள். கை நடுங்கினால் அந்த மட்டை உங்களுக்குப் பாரம். கடைக்காரர் காட்டும் மர வரிகளின் எண்ணிக்கையில் மயங்கவேண்டாம். தொடங்குபவருக்குப் பாரம்தான் முக்கியம்.

3. எண்ணெயும் தட்டும்

தட்டுவது என்றால் புது மட்டையின் மரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி இறுக்குவது. இந்தப் படியில்தான் அதிக மட்டைகள் பாழாகின்றன. "தட்டி வந்தது" என்று ஒட்டியிருக்கும் மட்டையையும் நீங்கள் திரும்பத் தட்டவேண்டும்.

எண்ணெய் என்றால் பச்சை லின்சீட் எண்ணெய் மட்டும்தான். பெயின்ற் கடையில் கேட்டால் பெரும்பாலும் காய்ச்சிய லின்சீட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். அது மேற்பரப்பில் படலமாகக் காய்ந்துவிடும், மரத்துக்குள் இறங்காது. "காய்ச்சாதது" என்று கேட்டு வாங்குங்கள். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டும் இதற்கு உதவாது.

ஒரு பூச்சுக்கு ஒரு தேக்கரண்டி அளவு. மெல்லிய துணியில் தொட்டு முகம், இரண்டு விளிம்பு, அடிநுனி, பின்பக்கம் எல்லாம் தடவுங்கள். பிடி மரத்தோடு சேரும் ஆப்புப் பகுதியில் எண்ணெய் படக்கூடாது, ஒட்டிய பசை இளகும். பிறகு முகம் மேலே பார்க்கப் படுக்கையாக வைத்து ஒரு நாள் விடுங்கள். சுவரில் சாத்தி நிறுத்தினால் எண்ணெய் முழுக்க அடிநுனிக்கு வடிந்து ஊறி அந்த இடம் பாரமாகும், மெதுமையாகும். இப்படி இரண்டு பூச்சு. அதற்கும் உலர்ந்தே தெரிந்தால் மூன்றாவது. அதற்கு மேல் ஊற்றினால் மட்டை செத்துவிடும், பந்து பட்டால் "தொப்" என்றுதான் கேட்கும்.

இனித் தட்டுவது. கருவி இரண்டு: மட்டை தட்டும் மரச்சுத்தியல், அல்லது சொக்சுக்குள் போட்ட பழைய பந்து. சுத்தியலே நல்லது. சொக்சுப் பந்தால் முகத்தைத் தட்டலாம், ஆனால் விளிம்பில் எங்கே படுகிறது என்று கட்டுப்படுத்த முடியாது. பிரச்சினை வருவதோ விளிம்பில்தான்.

மொத்தம் 5 முதல் 6 மணித்தியாலம் தட்டவேண்டும். ஒரு நாளைக்கு 20 நிமிடம் என்றால் 15 முதல் 18 நாள். ஒரே இருப்பில் இரண்டு மணித்தியாலம் தட்டி முடிப்பது உதவாது, கை களைத்ததும் அடி கோணலாக விழத்தொடங்கும்.

முதல் மூன்று நாளும் முகம் முழுவதும் மெதுவாக, கதவைத் தட்டும் பலத்தோடு. நாலாம் நாளிலிருந்து பலத்தைக் கூட்டலாம், கூடவே விளிம்பைத் தொடங்குங்கள். இதில் கோணம்தான் விசயம். சுத்தியல் முகத்துக்கு நேராகவும் விழக்கூடாது, பக்கவாட்டில் விளிம்புக்கு நேராகவும் விழக்கூடாது. இரண்டுக்கும் நடுவில், 45 பாகையில், உரசிக்கொண்டு போவதுபோல விழவேண்டும். மேலிருந்து அடிவரை ஒரே ஓட்டமாகப் போய்த் திரும்புங்கள்.

புது மட்டையின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் கூரான கோடு ஒன்றில் நகம் தடக்கும். நாலைந்து நாள் தட்டியபின் அதே இடத்தில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் அந்தக் கோடு மறைந்து, தேய்ந்த சவர்க்காரக் கட்டியின் ஓரம்போல வளைவு தெரியும். அந்த வளைவு கிடைக்கும்வரை விடாதீர்கள். விளிம்பின் மர நார்களுக்குப் பக்கத்தில் தாங்க ஒன்றுமில்லை. கூராக இருக்கும்போது பந்து பட்டால் அடி ஒரே நாரில் விழுந்து, வரியோடு பிளக்கும். உருட்டி இறுக்கிவிட்டால் அடி பரவிவிடும்.

பெரும்பாலானோர் விடும் பிழை, நடுப்பகுதியையே மணிக்கணக்காகத் தட்டுவது. அங்கே சத்தம் நன்றாக இருக்கும், தட்டவும் இலகு. ஆனால் நடுப்பகுதி ஏற்கெனவே பட்டறையில் அழுத்தப்பட்டது. நேரத்தில் பாதியை இரண்டு விளிம்புக்கும் அடிநுனிக்கு மேலுள்ள நாலு விரல் அகலத்துக்கும் கொடுங்கள். காலடியில் குத்தும் யோர்க்கர் பந்து அங்கேதான் விழும். அடிநுனியின் கீழ்த்தட்டையும் பின்பக்கத்தையும் ஒருபோதும் தட்டவேண்டாம்.

முடிந்ததா என்று பார்க்கப் பழைய பந்தால் யாரையாவது மெதுவாகப் போடச்சொல்லி 30 பந்து தடுத்தாடுங்கள். தையலின் சிவப்பு அடையாளம் மட்டும் தெரிந்தால் சரி. பந்தின் வடிவத்தில் பள்ளம் விழுந்தால் இன்னும் மூன்று நாள் தட்டுங்கள். முகத்தில் மயிர்போன்ற மெல்லிய வெடிப்பு வருவது இயல்பு. விளிம்பில் வெடித்தால் அன்றே மரப்பசை வைத்து நார் ரேப் சுற்றுங்கள்.

மாரி காலத்தில் மட்டையைச் சீமெந்துத் தரையில் நிறுத்தி வைத்தால் அடிநுனி ஈரத்தை உறிஞ்சி வீங்கும். அடியில் ரப்பர் காப்பு ஒட்டிக்கொள்ளுங்கள். கோடையில் தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள், காய்ந்து வெடிக்கும்.

4. மேற்கைக்குப் பயிற்சி

மட்டை தட்டும் அந்த மூன்று கிழமையிலேயே பயிற்சியையும் தொடங்கலாம், பழைய கடினப்பந்து மட்டை ஒன்று இருந்தால் போதும்.

மென்பந்தில் கீழ்க்கைதான் அரசன். பந்து உயர எழும்பும், மெதுவாக வரும், கீழ்க்கையால் குறுக்கே இழுத்து வீசலாம். கடினப்பந்து அப்படி விடாது. மணிக்கு 110 கிலோமீற்றரில் வரும் பந்து உங்களிடம் வந்துசேர ஏறத்தாழ 0.6 செக்கன்தான். தையலில் பட்டுத் திரும்பவும் செய்யும். குறுக்கே வரும் மட்டை அந்தப் பந்தைச் சந்திப்பது ஒரு கணம் மட்டுமே. நேராக வரும் மட்டைக்கு அதைவிட நீண்ட நேரம் கிடைக்கும். நேராக வரவைப்பது மேற்கை, வலக்கைக்காரருக்கு இடக்கை.

பழைய பந்தைச் சொக்சுக்குள் போட்டு, மாமரக் கிளையில் குறைந்தது 2 மீற்றர் கயிற்றில், முழங்கால் உயரத்தில் தொங்கவிடுங்கள். மேற்கையால் மட்டும், பிடியைக் கொஞ்சம் கீழே பிடித்து, 30 அடி. ஓய்வு. இன்னும் 30. பிறகு இரண்டு கையாலும் 50. பந்து போன கோட்டிலேயே திரும்பி வந்தால் மட்டை நேர். வட்டமாகச் சுழன்று வந்தால் கீழ்க்கை திருகிவிட்டது. அப்போது கீழ்க்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் பிடியைத் தொட, மற்ற மூன்று விரலையும் தளர்த்தி அடித்துப்பாருங்கள், அடுத்த பத்து அடிக்குள் வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் கிழமையிலிருந்து எறிபந்து. 14 மீற்றரிலிருந்து ஒருவர் எறியட்டும். ஆறு பந்து, ஒரு நிமிட ஓய்வு, இப்படி ஐந்து தடவை. முதல் கிழமை தடுப்பாட்டம் மட்டும். பந்தில் வெண்கட்டி பூசிவிடுங்கள், மட்டையில் அடையாளம் விழும். 30 பந்து முடிந்ததும் அடையாளங்கள் வெளிவிளிம்புப் பக்கம் குவிந்திருந்தால் முன்கால் பந்துக்குக் கிட்டப் போகவில்லை என்று அர்த்தம். மென்பந்துப் பழக்கத்தில் கால் வெளியே விலகி அடிக்க இடம் விடும். தலையை பந்துக்கு மேலே கொண்டுபோனால் கால் தானாகப் பின்தொடரும், காலை மட்டும் நினைத்தால் உடம்பு பின்னே நின்றுவிடும்.

குறுகிய பந்துக்குப் பழக, நனைத்த ரெனிஸ் பந்தைச் சீமெந்துத் தரையில் 12 மீற்றரிலிருந்து எறியச்சொல்லுங்கள். நனைந்த பந்து வழுக்கி வேகமாக வரும், பட்டாலும் பெரிதாக நோகாது. சீமெந்தில் பாய் விரித்த ஆடுகளம் என்றால் ரப்பர் அடிச் சப்பாத்துத்தான். ஆணிச் சப்பாத்து பாயைக் கிழிக்கும், காலும் வழுக்கும்.

5. சாப்பாடும் தண்ணியும்

வெறும் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும் எடுத்துக்கொண்டு காலமைப் பயிற்சிக்கு வருவதுதான் எங்கள் பக்கத்தில் மாறவேண்டிய முதல் பழக்கம்.

10 மணி ஆட்டம் என்றால் 7 மணிக்குச் சாப்பிட்டு முடியுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு அந்த வேளையில் 120 கிராம் அளவு மாச்சத்து வேண்டும். ஒரு கோப்பை சோற்றில் 45 கிராம், ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் அளவு இருக்கும். ஆக ஒன்றரைக் கோப்பைச் சோறு, இரண்டு பழம். சோற்றுக்குப் பதிலாக அரிசிமாப் புட்டு, இடியப்பம் நல்லது. கூடவே இரண்டு முட்டை. சொதி கொஞ்சமாக, சம்பல் அதைவிடக் கொஞ்சமாக. தேங்காய்க் கொழுப்பு வயிற்றில் நேரமெடுத்துக் கிடக்கும். குரக்கன் புட்டு, ஒடியல் கூழ் இரண்டும் அருமையான சாப்பாடுதான், ஆனால் ஆட்டமில்லாத நாளுக்கு. நார்ச்சத்தும் உறைப்பும் ஆட்ட நாளில் வயிற்றைக் குழப்பும்.

புரதம் நாளுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.4 கிராம் வரட்டும். 60 கிலோவுக்கு 84 கிராம். 100 கிராம் மீனில் 20, முட்டையில் 6, ஒரு கோப்பை அவித்த பருப்பில் 18 கிராம் அளவு. வெள்ளிக்கிழமை மரக்கறி வீடுகளில் கடலை, பயறு, தயிரை அன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

மத்தியான இடைவேளையில் ஒரு கோப்பைச் சோறு, மீன் அல்லது பருப்பு, பழம். பொரியலும் அப்பளமும் மாலை வீட்டில்.

தண்ணி பற்றி. ஆட்டத்துக்கு 4 மணித்தியாலம் முன்பு 300 முதல் 400 மில்லிலீற்றர். ஆட்டத்தில் குடிக்க: 1 லீற்றர் ஆறிய தண்ணி, 60 கிராம் சீனி (5 மேசைக்கரண்டி மட்டமாக), கால் தேக்கரண்டி உப்பு, 2 தேசிக்காய். சீனியைக் கூட்டினால் வயிறு பிரட்டும். இளநீரை மட்டும் நம்பவேண்டாம். அதில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் அதிகம் போகும் சோடியம் குறைவு.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தராசில் ஏறுங்கள். 60 கிலோக்காரர் 1.2 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லீற்றர், மாலை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக. கிணற்றுத்தண்ணி சவராக இருக்கும் இடங்களுக்கு ஆடப்போனால் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், ருசி பிடிக்காவிட்டால் பெடியள் குடிக்கமாட்டார்கள்.

பிற்சேர்க்கை

முகத்தில் பிளாஸ்ரிக் தாள் ஒட்டி வந்த மட்டைக்கு எண்ணெய் எப்படி என்று கேட்டிருந்தார்கள். தாளின் மேல் பூசுவதில் பயனில்லை, இறங்காது. தாள் மூடாத விளிம்பு, அடிநுனி, பின்பக்கம் மட்டும் ஒரு மெல்லிய பூச்சு. தட்டுவதைத் தாளின் மேலேயே செய்யலாம், நேரம் அதேதான்.

கஷ்மீர் வில்லோ மட்டைக்கும் தட்டவேண்டுமா என்ற கேள்விக்கு, ஆம். அந்த மரம் கடினம் என்பதால் நடுப்பகுதிக்கு நேரத்தைக் குறைக்கலாம். விளிம்புக்குக் குறைக்கவேண்டாம்.