பழைய வெள்ளி ரூபாயின் நிறத்தைப் பார்த்துப் பழகுவது எப்படி?

பெட்டியில் ஒரு பழைய வெள்ளி ரூபாய் அகப்பட்டால் நம் வீடுகளில் நடக்கும் முதல் வேலை, விபூதியோ பல்பொடியோ போட்டுக் குத்துவிளக்கைப் போல அதைத் துலக்குவதுதான். தயவுசெய்து வேண்டாம். அதன்மேல் படிந்திருக்கும் பொன்னிறமும் நீலமும் அழுக்கு அல்ல. சேகரிப்பாளர்கள் அதை டோனிங் என்பார்கள். பல பத்தாண்டுகளில் வந்த அந்த நிறம் ஒரு நிமிடத்தில் போய்விடும். அதோடு தேய்த்த கீறல்களும் காசில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

காற்றில் துளியளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்பைடு படலமாகிறது. படலத்தின் மேலேயும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதால்தான் நமக்கு நிறம் தெரிகிறது. படலம் தடிக்கத் தடிக்க வெளிர் மஞ்சள், பொன், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று மாறி, கடைசியில் கருப்பில் முடியும். இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

படி 1: காசைத் தேர்ந்தெடுங்கள்

பழகுவதற்கு எட்வர்டு அல்லது ஐந்தாம் ஜார்ஜ் உருவம் உள்ள ஒரு ரூபாய் போதும். எடை 11.66 கிராம், அதில் 91.7 விழுக்காடு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். பழகுவதற்கு அது வேண்டாம்.

படி 2: விளிம்பில் பிடியுங்கள்

முகப்பில் விரல் படக்கூடாது. விரல் ரேகை பதிந்தால் அதுவும் நாளடைவில் நிறமாக ஊறிவிடும். கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்புங்கள்

அச்சடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கிப் பாய்ந்து நுண்கோடுகளை விட்டிருக்கும். நிறத்துக்கு அடியிலிருந்து ஒளி சக்கரமாகச் சுற்றி வந்தால் அந்தக் கோடுகள் அப்படியே இருக்கின்றன என்று அர்த்தம். ஒளி சுற்றாமல் நிறம் மட்டும் பளிச்சென்று இருந்தால், ஏற்கெனவே யாரோ தேய்த்த காசில் பிறகு நிறம் ஏறியிருக்கலாம். லென்ஸ் வைத்து, நிறத்துக்கு அடியில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்களைத் தேடுங்கள்.

படி 4: இயற்கையா, ஏற்றியதா?

நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய படி இதுதான். இயற்கை நிறம் பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி உள்நோக்கி நகரும். ஒரு நிறத்திலிருந்து அடுத்தது மெதுவாகக் கரைந்து வரும். எழுத்துகளின் ஓரங்களில் நிறம் மாறுவதும் நல்ல அறிகுறி. சூடு காட்டியோ கந்தக ரசாயனம் பூசியோ ஏற்றிய நிறம் அவசரமாக வந்தது. அதில் பொன்னிறமே இல்லாமல் நேரே நீலம் தெரியும், திட்டுத்திட்டாக இருக்கும், எழுத்து மேடு எதையும் மதிக்காமல் மேலே மிதக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவின் பழைய வெள்ளிக் காசான மார்கன் டாலரின் படங்களைத் தேடுங்கள். ஆயிரம் காசு கொண்ட துணி மூட்டைகளில் பல பத்தாண்டுகள் அவை கருவூலத்தில் கிடந்தன. துணியை ஒட்டியிருந்த முகத்தில் வானவில் ஏறியது. பக்கத்துக் காசு மறைத்த இடம் மட்டும் பிறைபோல வெள்ளையாக நின்றது. சில காசுகளில் துணியின் நெசவுகூடத் தெரியும். எனக்கு இதைவிட அழகான சான்று வேறில்லை. இத்தகைய காசுக்கு, அதே தரமுள்ள, நிறம் ஏறாத வெள்ளைக் காசைவிடப் பல மடங்கு விலை கொடுப்பவர்கள் உண்டு. அதனால்தான் போலியும் பெருகியது. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரம் பிரிக்கும் நிறுவனங்கள், ஏற்றிய நிறம் என்று சந்தேகப்பட்டால் வழக்கமான தர எண் கொடுப்பதில்லை.

எல்லா டோனிங்கும் விலை கூட்டாது. ஒளியே எழாத அடர்கருப்பு, படலம் மிகத் தடித்துவிட்டதன் அடையாளம். அதற்கு அதிகம் கொடுக்காதீர்கள்.

படி 5: பத்திரப்படுத்துங்கள்

பிவிசி உறை வேண்டவே வேண்டாம். நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசை அரிக்கும். அப்படி ஏற்கெனவே ஒட்டியிருந்தால் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், தேய்க்காமல். அது டோனிங்கைத் தொடாது. ஆனால் நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது, அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, பக்கத்திலேயே வைக்காதீர்கள். மைலார் என்ற பாலியஸ்டர் பிளாஸ்டிக் உறை அல்லது கெட்டியான கேப்சூல், கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான். மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.

அப்புறம், இணையத்தில் வாங்குவதாக இருந்தால் படத்தை மட்டும் நம்பாதீர்கள். நிறத்தைக் கூட்டிக் காட்டுவது சுலபம். காசை விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்பும் வீடியோ ஒன்று கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்தக் காசை விட்டுவிடுங்கள்.