தெளிவா இருக்குன்னு குவார்ட்ஸ்னு எழுதிடாதீங்க

பல்லாவரம் பக்கம் கிடைக்கிற சார்னகைட்ங்கிற பாறையை மெல்லிசா சீவி ஒட்டின ஸ்லைடு ஒண்ணை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாருங்க. ஈஸ்ட் இந்தியா கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட கொல்கத்தா கல்லறையில இருக்கிறது இந்தக் கல்லுதான், அதனாலதான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893ல இந்தப் பேரை வச்சார். கையில பிடிச்சுப் பார்த்தா கருப்பா நீலமா பச்சையா கிடக்கிற பாறை, சீவி கண்ணாடியில ஒட்டினதும் பாதிக்கு மேல நிறமே இல்லாத கிரெயினா நிக்கும். கிராஸ் நிக்கல் (ஸ்லைடுக்குக் கீழ போலரைசர், மேல அதுக்குக் குறுக்கா அனலைசர்னு ரெண்டு ஒளி வடிகட்டி) போட்டா எல்லாம் சாம்பல், வெள்ளை. உடனே ரெக்கார்டுல "குவார்ட்ஸ்"னு எழுதியாச்சு. நானும் அப்படித்தான் எழுதினேன், பாதிக்கு மேல ஃபெல்ட்ஸ்பார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

எல்லாரும் சிக்குற இடம் இதுதான்: ட்வின்னிங் கோடு (ஒரே கிரெயினுக்குள்ள படிகங்கள் ஒட்டி வளர்ந்த அடையாளம்) இருந்தா ஃபெல்ட்ஸ்பார், இல்லாட்டி குவார்ட்ஸ்னு மனசுல ஒரு கணக்கு. ஃபெல்ட்ஸ்பார் வகைகள்ல பிளேஜியோகிளேஸ்ல வரி வரியா வரும், மைக்ரோக்ளைன்ல கட்டம் போட்ட துணி மாதிரி வரும், சரி. ஆனா ஆர்த்தோகிளேஸ்ல பல தடவை ஒண்ணுமே வராது, பிளேஜியோகிளேஸும் வெட்டின திசை சரியில்லன்னா வரியைக் காட்டாது. ஃபெல்ட்ஸ்பார் அழுக்கா மங்கலா இருக்கும், குவார்ட்ஸ் பளிச்னு இருக்கும்னு இன்னொரு அடையாளம் சொல்வாங்க, கிரானைட்ல அது உதவும், ஆனா சார்னகைட்ல ஃபெல்ட்ஸ்பாரும் பல சமயம் புதுசா பளிச்னே இருக்கும், அதை நம்பினா போச்சு.

இதுக்கு நேர் எதிர் தப்பும் நடக்கும். அழுத்தம் வாங்கின குவார்ட்ஸ் ஸ்டேஜை சுத்தும்போது ஒரே நேரத்துல கருக்காது, நிழல் ஓடுற மாதிரி பட்டை பட்டையா கருக்கும், அதைப் பார்த்துட்டு ட்வின்னுன்னு எழுதிடுவாங்க. ட்வின் கோடுன்னா ஸ்கேல் வச்சு கிழிச்ச மாதிரி ஓரம் இருக்கும், இந்த நிழலுக்கு ஓரமே இருக்காது.

அப்ப என்னதான் பண்றது? அனலைசரை வெளிய இழுத்துட்டு பெக்கே லைன் (ரெண்டு கிரெயின் சேர்ற ஓரத்துல தெரியிற வெளிச்சக் கோடு) பாருங்க, யாரும் செய்யாத வேலை இதுதான். குவார்ட்ஸோட ஒளிவிலகல் எண் 1.544லேர்ந்து 1.553, ஆர்த்தோகிளேஸுக்கு 1.52 பக்கம். ரெண்டும் ஒட்டி நிக்கிற ஓரத்தைப் பிடிச்சு, கண்டென்சருக்குக் கீழ இருக்கிற டயாபிரமை நல்லா சுருக்கிட்டு, ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் இடைவெளி கூடுற மாதிரி ஃபோகஸை நகர்த்துங்க. வெளிச்சக் கோடு எண் அதிகமா இருக்கிற பக்கம் நகரும், அதாவது குவார்ட்ஸுக்குள்ள போகும். இங்கயும் ஒரு குழப்பம் உண்டு, "குமிழை மேல சுத்து"ன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க, ஒரு மைக்ராஸ்கோப்புல லென்ஸ் ஏறும், இன்னொண்ணுல ஸ்டேஜ் இறங்கும், அதனால குமிழை விட்டுட்டு இடைவெளியை மட்டும் கவனிங்க. பக்கத்துல ஆலிகோகிளேஸ்ங்கிற பிளேஜியோகிளேஸ் வகை இருந்தா மட்டும் இது கைவிடும், அதோட எண் குவார்ட்ஸுக்கு ரொம்பக் கிட்ட.

அந்த மாதிரி இடத்துக்கு அனலைசரை மறுபடி உள்ள தள்ளிட்டுப் பார்க்கிற இன்டர்ஃபெரன்ஸ் ஃபிகர்தான் (ஒரு கிரெயின்ல தெரியிற கருப்புக் கோட்டு உருவம்) வழி. அதுக்கும் நல்லா வெளிச்சமா மின்னுற கிரெயினை எடுத்துட்டு "ஒண்ணும் வரல சார்"னு நிப்பாங்க. எடுக்க வேண்டியது சுத்தினாலும் கிட்டத்தட்ட கருப்பாவே இருக்கிற கிரெயின். அதையும் கார்னெட்னு எழுதினவங்க உண்டு, ஆனா கார்னெட்டுக்கு ரிலீஃப் (ஓரம் எடுப்பா புடைச்சுத் தெரியிறது) தூக்கலா இருக்கும், குவார்ட்ஸ் ஒட்டுப் பசையோட கலந்து கிடக்கும். 40எக்ஸ் லென்ஸ், அந்த உருவத்தைக் காட்டுற பெர்ட்ரண்ட் லென்ஸ் போட்டு சுத்துங்க: குவார்ட்ஸ்னா கருப்புச் சிலுவை பிரியாம நிக்கும், ஃபெல்ட்ஸ்பார்னா வளைஞ்ச ஒத்தைக் கோடுதான் சுத்தி வரும்.

கடைசியா ஸ்லைடோட கனம். 0.03 மி.மீ. இருக்கணும், அப்பதான் குவார்ட்ஸ் சாம்பல், வெள்ளை, மிஞ்சினா லேசான மஞ்சள். நாமளே தேய்ச்ச ஸ்லைடு 0.05ல நின்னுட்டா ஆரஞ்சே வந்துடும், புதுசா ஏதோ கனிமம் கிடைச்சிடுச்சுன்னு சார்ட்டைப் புரட்டி ஒரு மத்தியானம் முழுக்க உக்காந்தவன் நான். கடைசில வேண்டியிருந்தது இன்னும் கொஞ்சம் தேய்க்கிற கார்போரண்டம் பவுடர்தான்.