ஏஜென்சி வழி வேலையா, நிரந்தர வேலையா: முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஏஜென்சி வழியாகச் சேருபவருக்குச் சம்பளம் தருவது ஒரு நிறுவனமாகவும், அன்றாடம் வேலை வாங்குவது வேறொரு நிறுவனமாகவும் இருக்கும். எல்லாம் சுமுகமாக நடக்கும்வரை இந்த வேறுபாடு கண்ணில் படாது. விபத்தோ சம்பளப் பாக்கியோ வரும்போதுதான் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஆகவே ஒப்பந்தத்தில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது, விடுப்புக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு என்பதை முதலில் படித்துவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. இரண்டு சம்பளங்களையும் ஆண்டுக் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும். நிரந்தர ஊழியருக்கு விடுப்பும் பொது விடுமுறைகளும் சேர்ந்து 6 வாரம் சம்பளத்துடன் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அவர் 46 வாரம் உழைத்து 52 வாரச் சம்பளம் பெறுகிறார். வேலை செய்த நாளுக்கு மட்டும் ஊதியம் பெறுபவர் அதே 46 வாரத்தில் அந்தத் தொகையை ஈட்ட, அவருடைய ஊதியம் ஏறத்தாழ 13 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு பணி முடிந்து அடுத்தது கிடைக்க இன்னும் 4 வாரம் பிடித்தால், அந்த வேறுபாடு 24 விழுக்காட்டை நெருங்கிவிடும். இதற்கு மேல் ஓய்வூதிய நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு, மருத்துவக் காப்பீடு, போனஸ் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பெரிதாகத் தெரிந்த மணிக்கூலி பல வேளைகளில் சிறுத்துப்போகிறது.

"சில மாதங்களில் நிரந்தரமாக்கிவிடுவோம்" என்ற வாய்மொழி உறுதியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே மாட்டேன். தாங்கள் அனுப்பிய பணியாளரைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நேரடியாக எடுத்துக்கொண்டால் அந்த நிறுவனம் தங்களுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று பல ஏஜென்சிகள் ஒப்பந்தத்தில் எழுதிவைக்கின்றன. நல்ல பணியாளரையும் எடுக்கத் தயங்குவதற்கு அதுவே காரணமாகிவிடலாம். அப்படி ஒரு நிபந்தனை உண்டா, எவ்வளவு காலத்துக்கு என்று கேளுங்கள். முன்பு இதே வழியில் வந்தவர்களில் எத்தனை பேர் உள்ளே எடுக்கப்பட்டார்கள் என்பதை அங்கேயே வேலை செய்பவர்களிடம் விசாரிப்பது இன்னும் நல்லது.

இத்தனை சொன்னாலும் தற்காலிக வேலை சிலருக்கு உண்மையிலேயே பொருந்தும். புதிய துறைக்குள் நுழைபவரும், இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்புபவரும் பல பணியிடங்களை உள்ளிருந்து பார்க்க இது வழி தருகிறது. ஆனால் மூன்று மாதச் செலவுக்காவது கையிருப்பு இருக்க வேண்டும் என்பேன். இல்லையென்றால் வருகிற எந்தப் பணியையும் மறுக்க முடியாது. வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், தொடர் வருமானத்துக்குச் சான்று கேட்கும் வங்கிக்கு என்ன காட்டுவீர்கள் என்பதையும் யோசியுங்கள். நிரந்தர வேலையிலும் தகுதிகாண் காலம் முடியும்வரை பாதுகாப்பு குறைவுதான்.

வேலை வாங்கித் தருவதற்கு உங்களிடமே பணம் கேட்கும் ஏஜென்சியை விட்டு விலகுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கை, சில விதிவிலக்குகள் தவிர, தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், கையெழுத்திட்ட கடிதம் கைக்கு வந்த பிறகே இருக்கும் வேலையை ராஜினாமா செய்யுங்கள்.